வியாகுல அன்னையை மும்முறை செதுக்கியவர்



தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை செய்யும்போது பதின்மூன்றாம் நிலையில் நாம் முழந்தாளிட்டுச் செபிக்கின்றோம். ஆண்டவருடைய திருவுடல் சிலுவையிலிருந்து இறக்கப்பட்டு அன்னை மரியாளின் மடியில் வளர்த்தப்படும் நிலை அது. மகனின் உயிரற்ற உடலை மடியில் ஏந்திய தாய்மாரை நமது மண்ணில் நாமே கண்டிருக்கின்றோம். ஆகவே அந்த நிலைக்கு வரும்போது ஆலயத்தில் குரல்கள் தாமாகவே தணிந்துவிடுவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

அக்காட்சியை நினைக்கும்போது நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது, வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்திலுள்ள வெண்பளிங்குச் சிலையே. நாட்காட்டிகளிலும் செபப் படங்களிலும் இறந்தோர் நினைவு மலர்களிலும் அதன் உருவத்தைக் காணாதவர்கள் குறைவு. அதைச் செய்தவர் மைக்கலாஞ்சலோ என்பதும் பலர் அறிந்ததே. ஆனால் அவர் அதே காட்சியை மீண்டும் இருமுறை கல்லில் செதுக்க முனைந்தார் என்பதையும், முதற்சிலையை முடித்தபோது அவருக்கு வயது 24, கடைசிச் சிலையில் உளி வைத்தபோது வயது 88 என்பதையும் அறிந்தோர் சிலரே. அந்த மூன்று சிலைகளையும் கைவிளக்காகக் கொண்டு அவருடைய வாழ்வுக்குள் இவ்வாரம் சற்று நடந்து பார்ப்போம்.

மைக்கலாஞ்சலோ புவனாரோட்டி 1475 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6 ஆம் திகதி, இத்தாலியின் தொஸ்கானா மலைப்பகுதியிலுள்ள கப்ரேசே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை லொடோவிக்கோ அவ்வேளையில் அவ்வூரின் நிருவாக அதிகாரியாக இருந்தார். பழம்பெருமை மிகுந்த, ஆனால் கையில் காசு குறைந்த குடும்பம் அது. பதவிக்காலம் முடிந்து புளோரன்ஸ் நகருக்குத் திரும்பியபோது, குழந்தையைச் செத்திஞானோ என்ற கிராமத்தில் பாலூட்டும் தாய் ஒருத்தியிடம் ஒப்படைத்தார்கள். கல்வேலைக்குப் பெயர்பெற்ற கிராமம் அது. அந்தப் பெண்ணும் கற்தச்சன் ஒருவனின் மனைவியே. பிற்காலத்தில் தமது வரலாற்றை எழுதிய வசாரியிடம், சுத்தியலையும் உளியையும் தாம் தாய்ப்பாலோடு சேர்த்தே பருகியதாக மைக்கலாஞ்சலோ வேடிக்கையாகக் கூறியிருக்கிறார்.

பெற்ற தாய் பிரான்செஸ்கா 1481 இல் இறந்தபோது அவருக்கு வயது ஆறு. அவர் செதுக்கிய அன்னை மரியாளின் சிலைகளை வரிசையாகப் பாருங்கள். எந்த அன்னையும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கைகள் குழந்தையைப் பற்றியிருக்க, பார்வை மட்டும் எங்கோ தொலைவில் நிற்கிறது. தாயை இளமையிலேயே இழந்த ஒரு பிள்ளையின் மனம் அதில் இருக்கிறது என்றே நான் எண்ணுவதுண்டு.

படிப்பை விட்டுவிட்டுப் படம் வரைந்துகொண்டிருந்த மகனைத் தந்தையும் சிறிய தந்தைமாரும் அடித்தார்கள். கையால் வேலை செய்பவன் கூலிக்காரன் என்பது அக்காலக் குடும்பங்களின் எண்ணம். பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வராவிட்டால் குடும்ப மானம் போய்விடும் என்று கருதும் பெற்றோர் நம்மிடையே மட்டும்தான் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். எனினும் பிள்ளையின் பிடிவாதமே வென்றது. 1488 இல், 13 ஆவது வயதில், கிர்லண்டாயோ என்ற ஓவியரிடம் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார். விரைவிலேயே நகரத்தின் தலைவரான லொறென்சோ டி மெடிச்சி, சிறுவனின் கைத்திறனைக் கண்டு தமது மாளிகையிலேயே தங்கவைத்தார். 1492 இல் லொறென்சோ இறக்கும் வரை அந்த ஆதரவு நீடித்தது.

அதன் பின்னர் நடந்த ஒரு காரியம் நம் கவனத்திற்குரியது. புளோரன்ஸில் தூய ஆவி ஆலயத்தோடு சேர்ந்து ஒரு துறவற மடமும் மருத்துவமனையும் இருந்தன. மருத்துவமனையில் இறந்தவர்களின் உடல்களை அறுத்து ஆராய மடத்தின் தலைவர் அந்த இளைஞருக்கு இடமளித்தார். தோலின் கீழ் தசை எவ்வாறு ஓடுகிறது, எலும்போடு எங்கே பிணைகிறது, உயிர் நீங்கிய உடலில் எந்தத் தசை முதலில் தளர்கிறது என்பதையெல்லாம் அவர் அங்கே கற்றார். அந்த வேலை அவருடைய வயிற்றைக் கெடுத்து, உணவே வேண்டாம் என்னும் நிலைக்குக் கொண்டுவந்ததாக அவருடைய மாணவர் கொண்டிவி எழுதியிருக்கிறார். நன்றிக்கடனாக அம்மடத்திற்கு ஒரு மரச்சிலுவையைச் செதுக்கிக் கொடுத்தார். நீண்ட காலம் காணாமற்போனதாகக் கருதப்பட்ட அச்சிலுவை 1962 இல் அம்மடத்திலேயே அடையாளம் காணப்பட்டது. வலிமையான வீரனைப் போன்ற கிறிஸ்துவை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மெலிந்த, ஏறக்குறையப் பாலகனைப் போன்ற உடல். தலை ஒரு பக்கமாகவும் முழங்கால்கள் மறுபக்கமாகவும் மெல்லத் திரும்பியிருக்கின்றன. பெயர் தெரியாத ஏழைகளின் உடல்களிடமிருந்து கற்றதை அவர் முதலில் ஆண்டவருடைய உடலுக்கே கொடுத்தார்.

1496 இல் அவர் உரோமாபுரி சென்றார். அங்கே பிரான்ஸ் நாட்டுக் கர்தினால் ஒருவர் தமது கல்லறைச் சிற்றாலயத்திற்காக, இறந்த கிறிஸ்துவை மடியில் ஏந்திய அன்னையின் சிலையைச் செய்யும்படி கேட்டார். 1498 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 ஆம் திகதி எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி கூலி 450 பொற்காசுகள், காலம் ஒரு வருடம். உரோமாபுரியில் அன்றிருந்த பளிங்கு வேலைகள் அனைத்திலும் இதுவே அழகியதாக இருக்கும் என்று, பிணை நின்ற நண்பர் எழுத்திலேயே உறுதி கொடுத்தார். வியாபாரப் பேச்சு என்று தோன்றும். ஆனால் அந்த உறுதி நிறைவேறியது.

கல்லைத் தேடி அவரே கராரா மலைகளுக்குப் போனார். இது அவருடைய வாழ்நாள் வழக்கமாயிற்று. வேறு சிற்பிகள் கல்லை வரவழைப்பார்கள். இவரோ மலையடிவாரத்தில் மாதக்கணக்கில் தங்கி, கல் அகழ்வோரோடு சேர்ந்து பாறையைத் தட்டிப் பார்த்து, உள்ளே விரிசலோ கருங்கோடோ இல்லாத பாகத்தைக் குறித்துக் கொடுப்பார். பளிங்கை மரச் சறுக்குகளில் கட்டி, கயிறுகளால் தளர்த்தித் தளர்த்தி மலையிலிருந்து இறக்க வேண்டும். பின்னர் மாட்டு வண்டியிலும் படகிலும் கொண்டுவர வேண்டும். சிலையின் அழகைப் பேசுகின்ற நாம் அந்தக் கயிறுகளைப் பிடித்திருந்த கைகளை நினைப்பதில்லை.

இனி அந்தச் சிலையை ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள். வளர்ந்த ஆண் ஒருவரை ஒரு பெண்ணின் மடியில் கிடத்துவது சிற்பிக்கு மிகவும் கடினமான காரியம். உடல் மடியைத் தாண்டி இரு பக்கமும் தொங்கிவிடும். மைக்கலாஞ்சலோ இதை ஒரு கட்டடக் கலைஞரைப் போலத் தீர்த்தார். அன்னையின் முழங்கால்களை அகல விரித்து, ஆடையின் மடிப்புகளை அத்திவாரம் போலக் கனமாகவும் ஆழமாகவும் அமைத்தார். அடியில் அகன்று உச்சியில் ஒடுங்கும் கூம்பு வடிவம் கிடைத்தது. அன்னை எழுந்து நின்றால் மகனைவிட மிகவும் பெரியவராக இருப்பார். துணி மடிப்புகள் அந்த உண்மையை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றன. மகனின் அக்குளின் கீழ் அன்னையின் வலக்கை தாங்கும் இடத்தில், விரல்களின் அழுத்தத்தால் சதை சற்றே மேலெழுந்து நிற்கிறது. மருத்துவமனைப் பிணவறையில் கற்ற பாடம் அது. அன்னையின் இடக்கை மட்டும் எதையும் பற்றாமல், வெறுமையாக விரிந்திருக்கிறது.

மகனைவிட இளையவராகத் தோன்றும் தாயா என்று அக்காலத்திலேயே பலர் குறை கூறினார்கள். கன்னிமையின் தூய்மை முகத்தை மூப்படைய விடாது என்று மைக்கலாஞ்சலோ விடை சொன்னதாகக் கொண்டிவி எழுதுகிறார். இறையியல் கற்றவர்களும் ஏற்கக்கூடிய விடைதான்.

ஆனால் அதே அன்னையின் மார்புக்குக் குறுக்கே ஓடும் பட்டியில் இளம் சிற்பி தமது பெயரைப் பெரிதாகப் பொறித்துவிட்டார். சிலையைப் பார்க்க வந்தவர்கள் வேறொரு சிற்பியின் வேலை என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, இரவிலே விளக்கோடு வந்து பெயரைச் செதுக்கியதாக வசாரி ஒரு கதை சொல்கிறார். கதை எவ்வாறாயினும், பெயர் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அவர் கையொப்பமிட்ட சிலை அஃது ஒன்றே. 1972 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் திகதி, தூய ஆவியின் பெருவிழாவன்று, மனம் பேதலித்த ஒருவர் சுத்தியலால் அச்சிலையைத் தாக்கினார். அன்னையின் மூக்கும் கண்ணிமையும் இடக்கையும் உடைந்தன. பொறுக்கியெடுத்த துண்டுகளைப் பொருத்திச் சீர்செய்த பின், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அச்சிலை வைக்கப்பட்டது.

அவர் கல்லைச் செதுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். முதலில் தாளில் பல முறை வரைவார். பின்னர் மெழுகிலோ களிமண்ணிலோ சிறிய உருவம் செய்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதன் பின் கல்லின் முன்பக்கத்தில் கரியால் கோடிட்டு, ஒரு பக்கத்திலிருந்தே உள்நோக்கிச் செதுக்கிக்கொண்டு போவார். வசாரி இதற்கு ஓர் எளிய விளக்கம் தருகிறார். மெழுகுப் பொம்மையொன்றைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்து, மெல்ல மெல்ல மேலே தூக்கினால், முதலில் முழங்காலும் மார்பும், பின்னர் வயிறு, தோள் என்று ஒவ்வொன்றாய் வெளிப்படும் அல்லவா? அவ்வாறே உருவம் கல்லிலிருந்து மேலெழும். கூர் உளி பெரிய சில்லுகளைப் பெயர்க்கும். பல் உளி தசையின் வளைவோடு கோடு கோடாக ஓடும். பின்னர் தட்டை உளியும் அரமும். கடைசியில் நுரைக்கல்லால் மெருகு. அறுபது வயதைக் கடந்த பின்பும் அவர் கால் மணி நேரத்தில் பெயர்த்த சில்லுகளை மூன்று இளைஞர்கள் பல மணி நேரத்தில் பெயர்க்க முடியாது என்று, நேரில் கண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவருடைய புகழ் மலைபோல் வளர்ந்தது. வேறு சிற்பிகள் கெடுத்துக் கைவிட்ட கல்லிலிருந்து 1504 இல் தாவீதின் மாபெரும் சிலையை எழுப்பினார். பாப்பரசர் இரண்டாம் யூலியஸின் கட்டளைக்குப் பணிந்து, தாம் ஓவியர் அல்லர் என்று முணுமுணுத்துக்கொண்டே, 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையை வரைந்தார். அதே பாப்பரசரின் கல்லறைக்காக 1505 இல் தொடங்கிய வேலை, சுருங்கிச் சுருங்கி 1545 இல்தான் முடிந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட சிலைகளோடு எழ வேண்டிய மாளிகை, மோசேயின் சிலையை நடுவில் கொண்ட ஒரு சுவராக நின்றுபோயிற்று. அதற்கெனத் தொடங்கிய அடிமைகளின் உருவங்கள் நான்கு, பாதி கல்லும் பாதி மனிதருமாகப் புளோரன்ஸில் இருக்கின்றன.

தோல்விகளும் இருந்தன. புளோரன்ஸில் புனித லோரன்ஸ் ஆலயத்திற்குப் பளிங்கு முகப்பு ஒன்றைக் கட்டும் பொறுப்பைப் பாப்பரசர் பத்தாம் லியோ அவரிடம் கொடுத்தார். அதற்கான கல்லை எடுக்கப் புதிய மலையில் பாதை வெட்டினார். சதுப்பு நிலத்தில் வீதி போட்டார். தூண் ஒன்றை இறக்கும்போது தொழிலாளி ஒருவர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார்; மைக்கலாஞ்சலோ மயிரிழையில் தப்பினார். 1520 இல் ஒப்பந்தம் இரத்துச் செய்யப்பட்டது. ஒரு கல்லும் சுவரேறவில்லை. நீங்கள் இன்று அங்கே சென்றாலும் அந்த ஆலயத்தின் முகப்பு பூசப்படாத கரடுமுரடான சுவராகவே நிற்பதைக் காண்பீர்கள்.

அதே ஆலயத்தின் உள்ளே, மெடிச்சி குடும்பத்தினரின் கல்லறைச் சிற்றாலயத்தில்தான் அவருடைய எண்ணம் முழுமையாக வெளிப்பட்டது. அங்கே சுவர் வேறு, சிலை வேறு என்று பிரிக்க இயலாது. இரவு, பகல், காலை, மாலை ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு உருவங்கள் கல்லறை மூடிகளின் சரிவில் வழுக்கி விழுவதுபோல் கிடக்கின்றன. தூண்களும் மாடங்களும் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கின்றன. கட்டடத்தின் உறுப்புகள் மனித உடலின் உறுப்புகளைச் சார்ந்தவை என்றும், மனித உருவத்தையும் அதன் உள்ளமைப்பையும் அறியாதவர் கட்டடத்தையும் அறியமாட்டார் என்றும் முதுமையில் அவர் ஒரு கடிதத்தில் விளக்கினார். கண்களும் கைகளும் இருபுறமும் ஒத்திருப்பதுபோல் சுவர்களும் ஒத்திருக்க வேண்டும்; நடுவில் நிற்கும் மூக்கு எக்கண்ணுக்கும் கட்டுப்படாததுபோல் நடுப்பகுதி சுதந்திரமாக இருக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

1534 இல் புளோரன்ஸை விட்டு நீங்கியவர் மீண்டும் அந்நகரை உயிரோடு பார்க்கவில்லை. உரோமாபுரியில் 1541 இல் இறுதித் தீர்வை ஓவியத்தை முடித்தார். புனித பர்த்தலோமேயுவின் கையில் தொங்கும் உரித்த தோலில், தளர்ந்து கோணிய தமது முகத்தையே வரைந்துவைத்தார் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அன்னையின் மார்பில் பெயரைப் பொறித்த இளைஞர் அவர்தாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த மாற்றத்தில் ஒரு பெண்மணிக்குப் பங்குண்டு. விற்றோறியா கொலொன்னா என்னும் கைம்பெண், உயர்குடியில் பிறந்த கவிஞர். செபத்திலும் திருமறை நூலிலும் ஆழ்ந்தவர். மனிதன் தன் செயல்களால் விண்ணகத்தை வாங்க முடியுமா, கிறிஸ்துவின் இரத்தம் எதற்காகச் சிந்தப்பட்டது என்ற கேள்விகள் ஐரோப்பா முழுவதையும் உலுக்கிய காலம் அது. மைக்கலாஞ்சலோ அவருக்கென மரியன்னையும் இறந்த மகனும் கொண்ட ஒரு சித்திரத்தை வரைந்து கொடுத்தார். அதில் அன்னை மகனை அணைக்கவில்லை. இரு கைகளையும் வானை நோக்கி விரித்திருக்கிறார். 1547 இல் விற்றோறியா இறந்தார். அவருடைய கையை முத்தமிட்ட தாம் நெற்றியையும் முத்தமிடாமற் போனோமே என்று மைக்கலாஞ்சலோ பின்னர் வருந்தியதாகக் கொண்டிவி எழுதுகிறார்.

அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் பாப்பரசர் மூன்றாம் பவுல் அவரைப் புனித பேதுரு பேராலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமித்தார். அப்போது அவருக்கு வயது 71. விருப்பமின்றியே ஏற்றார். ஆனால் ஏற்றபின் ஒரு நிபந்தனையில் உறுதியாக நின்றார்: சம்பளம் வேண்டாம், இறைவனுடைய அன்புக்காக மட்டுமே அந்த வேலை. அனுப்பப்பட்ட பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். 17 ஆண்டுகள், இறக்கும்வரை, அவ்வாறே செய்தார்.

முன்னிருந்த கலைஞரின் திட்டத்தில் இருண்ட மூலைகள் மிகுதி; அவை திருடருக்கும் கள்ள நாணயம் செய்வோருக்குமே வசதியாயிருக்கும், மாலையில் கதவு பூட்டும்போது ஒளிந்திருப்போரைத் தேட இருபத்தைந்து பேர் வேண்டும் என்று கேலி செய்தார். கட்டிமுடித்த சுவர்களையும் இடிக்கச் செய்தார். ஒப்பந்தக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். மட்டமான சுண்ணாம்பைக் கொண்டுவந்தவர்களை அவர் திருப்பியனுப்பினார். பங்கில் ஆலயம் கட்டிய அனுபவமுள்ள என் சகோதரக் குருக்களும் ஆலயக் கட்டடக் குழு உறுப்பினர்களும் இவ்விடத்தில் புன்னகைப்பார்கள் என்று நம்புகிறேன்.

1557 இல் நடந்த காரியத்தை வாசித்தால் புன்னகை மறைந்துவிடும். பேராலயத்தின் தென்பகுதிக் கூரை வளைவுக்கு அவர் மாதிரியுருவம் செய்து கொடுத்திருந்தார். வேலைத்தல மேற்பார்வையாளர் அதைத் தவறாக விளங்கிக்கொண்டு, வளைவைப் பிழையான முறையில் அமைத்துவிட்டார். கட்டிய கற்களைக் கழற்றி மீண்டும் செய்ய நேர்ந்தது. முதுமையினால் தாம் நாள்தோறும் வேலைத்தலத்திற்குப் போக முடியாமையே இதற்குக் காரணம் என்று எண்ணி அவர் வெட்கமும் வேதனையும் அடைந்தார். வெட்கத்தாலும் துயரத்தாலும் சாக முடியுமானால் தாம் இறந்திருப்பார் என்னும் கருத்தில் வசாரிக்கு எழுதினார். தம் கையாலேயே கல்லைத் தொட்டு எல்லாவற்றையும் செய்து பழகியவருக்கு, பிறருடைய கைகளை நம்பியிருப்பது எத்துணை கசப்பு! புளோரன்ஸின் கோமகன் பலமுறை அழைத்தும் அவர் போகவில்லை. தாம் போய்விட்டால் பேராலயப் பணத்தைக் களவாடுவோருக்கே மகிழ்ச்சி என்றும், அது பாவமாகும் என்றும் எழுதினார். குவிமாடத்திற்காக 1558 இலிருந்து 1561 வரை பெரிய மர மாதிரியொன்றைச் செய்வித்தார். தாம் இல்லாத காலத்திலும் பிழை நேரக்கூடாது என்பதே நோக்கம். குவிமாடம் 1590 இல், வேறு கலைஞர்களின் கையில், சற்றே உயர்ந்த வளைவோடு முடிந்தது.

பகலில் பேராலயம், இரவில் வீட்டில் மற்றொரு வேலை. இது எவரும் கேட்டதன்று, கூலியுமில்லை. தமது கல்லறைக்கென அவர் செதுக்கத் தொடங்கிய இரண்டாவது வியாகுலக் காட்சி அது. தடித்த தாளால் ஒரு தொப்பி செய்து, அதன்மேல் கொழுப்பு மெழுகுதிரியை நிறுத்தி, அந்த வெளிச்சத்தில் இரவெல்லாம் உளி பிடிப்பார். ஒருமுறை பாப்பரசர் மூன்றாம் யூலியஸ் அனுப்ப, வசாரி இரவில் அவ்வீட்டிற்குப் போனார். கிறிஸ்துவின் காலை முதியவர் செதுக்கிக்கொண்டிருந்தார். வசாரியின் கண் அங்கே போவதைக் கண்டதும், அவர் கையிலிருந்த விளக்கை வேண்டுமென்றே நழுவ விட்டார். இருளில் நின்றபடி, சாவு தம் மேலங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்றும், ஒருநாள் இந்த விளக்கைப் போலவே தாமும் விழுந்து அணைந்துபோவார் என்றும் சொன்னாராம்.

இச்சிலையில் நான்கு உருவங்கள். நடுவில் கிறிஸ்துவின் உடல் மூட்டு மூட்டாக மடங்கிச் சரிகிறது. ஒரு புறம் அன்னை, மறுபுறம் மகதலா மரியாள். பின்னால் முக்காடிட்ட முதியவர் ஒருவர் குனிந்து தாங்குகிறார். அவர் நிக்கதேமு என்பது வசாரியின் கருத்து. அவருடைய முகம் மைக்கலாஞ்சலோவின் முகம். இரவில் ஆண்டவரைத் தேடி வந்த மனிதருக்கு, இரவில் வேலை செய்த சிற்பி தமது முகத்தைக் கொடுத்தார். இம்முறை பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

ஆனால் 1555 அளவில் அவரே அதை உடைத்தார். கல்லில் குறைகள் இருந்தன, உளி பட்டால் தீப்பொறி பறந்தது, பணியாளர் உர்பினோ நாள்தோறும் அதை முடிக்கும்படி நச்சரித்தார் என்று வசாரி காரணங்களை அடுக்குகிறார். கிறிஸ்துவின் இடக்கால் இன்று அச்சிலையில் இல்லை. மாணவர் ஒருவர் துண்டுகளை ஒட்டி, மகதலா மரியாளை மெருகிட்டு முடித்தார். அந்த உருவம் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்பதைக் குழந்தையும் கண்டுகொள்ளும். 2019 முதல் 2021 வரை புளோரன்ஸில் நடந்த சீரமைப்பின்போது, கல்லுக்குள் நுண்ணிய வெடிப்புகள் பல இருப்பதும், அடிப்பகுதியில் ஒன்று முன்னும் பின்னும் தெரிவதும் கண்டறியப்பட்டன. சுத்தியலால் அடித்த தடயங்களோ காணப்படவில்லை. ஆகையால் கோபத்தைவிடக் கல்லின் குறையே அவருடைய கையை நிறுத்தியிருக்கும் என்று ஆய்வாளர் கருதினர். மலையில் தட்டித் தட்டிக் கல் தெரிந்த மனிதருக்கு, தமது கல்லறைக்கான கல்லிலேயே விரிசல் வாய்த்தது.

உர்பினோவும் 1555 இன் முடிவில் இறந்தார். 26 ஆண்டுகள் உடனிருந்த அப்பணியாளரின் நோயில், எஜமானரே இரவுகளில் உடை மாற்றாமல் அருகில் கிடந்து பணிவிடை செய்தார். அவருடைய குடும்பத்தையும் பின்னர் பராமரித்தார். எளிதில் கோபப்படுகிறவர், எவரையும் நம்பாதவர், பிறரோடு வேலை செய்யத் தெரியாதவர் என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லப்படுவது பொய்யன்று. ஆனால் புளோரன்ஸிலுள்ள மருமகனுக்கு எழுதிய கடிதங்களில் இன்னொருவரையும் காண்கின்றோம்: கேட்க வெட்கப்படும் ஏழைக் குடும்பங்களைத் தேடிப்பார், மகளுக்குச் சீதனம் கொடுக்க வழியற்றவர்களைத் தேடிப்பார், யார் கொடுத்தார் என்று தெரியாமல் கொடு என்று அவர் மீண்டும் மீண்டும் எழுதினார். கலையைத் தமக்கு ஓர் அரசனாகவும் சிலையாகவும் ஆக்கி வணங்கிவிட்டோமோ என்ற அச்சம் அவருடைய முதுமைக் கவிதைகளில் ஒலிக்கிறது. சிலுவையில் விரிந்த கரங்களைத் தவிர வேறெதிலும் அவர் மனம் அமைதி காணவில்லை.

மூன்றாவது சிலை இத்தாலியின் மிலான் நகரில் இருக்கிறது. முதற்சிலையைப் பார்த்த கண்களோடு அதன் முன் நிற்பவர் திகைத்துப்போவார். மெருகில்லை, அழகிய முகமில்லை. அன்னை நின்றுகொண்டு மகனைப் பின்னாலிருந்து தாங்குகிறார். முன்னொரு முறை ஓரளவு செதுக்கிய உருவங்களை வெட்டியெறிந்து, அன்னையின் உடலாக இருந்த கல்லிலிருந்தே மகனுடைய புதிய தலையை அவர் எடுத்தார். பழைய உருவத்தின் வலக்கை மட்டும், மெருகிட்டபடியே, உடலைவிட்டுத் தனியாக நிற்கிறது. இரு உடல்களும் அவ்வளவு மெலிந்து ஒன்றோடொன்று கரைந்திருக்கின்றன. தாய் மகனைத் தாங்குகிறாரா, மகன் தாயைத் தம் முதுகில் சுமக்கிறாரா என்று நெடுநேரம் பார்த்தாலும் துணிந்து சொல்ல இயலாது. உடலின் ஒவ்வொரு தசையையும் அறிந்த கை, அந்த அறிவையெல்லாம் இங்கே கீழே வைத்துவிட்டது.

1564 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் திகதி சனிக்கிழமை. தவக்காலத்திற்கு முந்திய ஞாயிறின் முன்தினம். அன்று நாள் முழுவதும் அவர் அச்சிலையில் நின்று வேலை செய்தார். திங்கட்கிழமை மழையில் வெளியே நடந்துகொண்டிருந்த அவரைக் கண்ட மாணவர் கடிந்துகொண்டபோது, தமக்கு எங்கும் இருப்புக்கொள்ளவில்லை என்று பதிலளித்தார். பின்னர் அடுப்பருகே நாற்காலியில் இருந்தார். கடைசி நாட்களில்தான் படுக்கைக்குப் போனார். விபூதிப் புதன் கடந்து, 18 ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை, நண்பர்கள் சூழ்ந்திருக்க உயிர் நீத்தார். ஆன்மாவை இறைவனிடமும், உடலை மண்ணிடமும், உடைமைகளை உறவினரிடமும் ஒப்படைத்த அவர், தமது இறுதி வேளையில் கிறிஸ்துவின் பாடுகளைத் தமக்கு நினைவூட்டும்படி கேட்டுக்கொண்டதாக வசாரி எழுதுகிறார்.

மருமகன் வந்து, உரோமாபுரியார் தடுக்காதபடி, உடலை வணிகப் பொதிபோல் கட்டிப் புளோரன்ஸுக்கு அனுப்பினார். திருச்சிலுவை ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையின்மேல் ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகிய மூன்று கலைகளும் பெண்ணுருவில் அமர்ந்து துக்கம் காக்கின்றன. அவர் தமக்கென வெட்டிய வியாகுல அன்னை அங்கே இல்லை.

அவர் இறந்த மறுநாள் அதிகாரிகள் உரோமாபுரியில் அவருடைய வீட்டிற்கு வந்து பொருட்களைக் கணக்கெடுத்தார்கள். ஓர் இரும்புக் கட்டில், சில உடைகள், எரிக்காமல் விட்ட சில வரைபடங்கள், பெட்டியொன்றில் 8000 இற்கு மேற்பட்ட பொற்காசுகள். முடிவுறாத சிலைகளையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அவற்றில் ஒன்றின் முன் நின்ற எழுத்தர், கிறிஸ்துவின் உருவமும் அதற்கு மேலே அதனோடு ஒட்டியபடி இன்னோர் உருவமும் தொடங்கப்பட்டு முடியாமல் இருப்பதாக எழுதிவிட்டு, அடுத்த பொருளுக்குச் சென்றார். அந்த இன்னோர் உருவம் யாருடையது என்று அவர் எழுதவில்லை.